முன் ஹவுசிங் மலையேறிய கதை

திருநெல்வேலிப் பக்கம் வேன் வைத்திருப்பவர்களுக்கு என்றைக்காவது ஒருநாள் அந்த ஆசை வந்துவிடும். சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போய், ஆற்றங்கரைச் சேற்றில் பின்சக்கரம் புதைந்து, வந்தவர்களெல்லாம் இறங்கித் தள்ளிய மறுநாள் வரும். இல்லையென்றால் மழைக்குப் பிறகு மாஞ்சோலைப் பாதையில் ஏறித் திணறிய அன்றைக்கு வரும். "இதுக்கு ஒரு முன் ஹவுசிங் போட்டு ஃபோர் வீலா மாத்திட்டா என்ன?"

முன் ஹவுசிங் என்பது பட்டறைப் பேச்சு. முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கிற அச்சு, அதன் ஒரு பக்கமாகக் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள் குடியிருக்கிற உருண்டை, இரண்டு முனையிலும் திரும்புகிற மூட்டு, எல்லாம் சேர்ந்த ஒரே இரும்பு உருப்படி. அது எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது, என்ன வழியாக நம் ஊர் வந்தது என்று தெரிந்துகொண்டால், கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதை வாங்காமல் வில்பட்டையை (பட்டறையில் வெறும் பட்டை) மட்டும் மாற்றிக்கொண்டு வீடு திரும்புவார்கள் என்பது என் கட்சி.

பின் ஹவுசிங்கில் வில்லங்கம் கிடையாது. சக்கரம் நேராக நிற்கும், இழுக்கும், அவ்வளவுதான். முன்சக்கரமோ இழுத்துக்கொண்டே திரும்பவும் வேண்டும். திரும்பும்போது அதை ஓட்டுகிற தண்டு அந்த இடத்தில் மடங்கி நிற்கும். மடங்கியபடியே சீராகச் சுற்றவும் வேண்டும். சாதாரணக் கிராஸ் ஜாயிண்டைப் போட்டால், கோணம் கூடக்கூட ஒரே சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் ஏறி இரண்டு முறை இறங்கும். ஸ்டியரிங் கையில் உதறும். இந்த ஒரு மூட்டுக்கு வழி தேடித்தான் 1920களில் பிரான்சில் ழான் ஆல்பெர் கிரெகுவாரும் பியேர் ஃபெனாயும் டிராக்டா மூட்டைச் செய்தார்கள். அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் ஜெப்பா இரும்புக் குண்டுகளை வைத்து இன்னொன்றைச் செய்தார். இன்று நம் தெருவில் ஓடுகிற சின்னக் கார்களின் முன்சக்கரத்துக்குப் பின்னால், ரப்பர் உறைக்குள் கிரீஸில் ஊறிக் கிடப்பது ஜெப்பாவின் வாரிசுதான்.

முன் ஹவுசிங் பெரும் எண்ணிக்கையில் உலகுக்கு வந்தது போரினால். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டிக்கு 49 நாள் கெடு. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற சிற்றூரில் நொடித்துப்போகிற நிலையில் இருந்த அமெரிக்கன் பான்டம் என்ற கம்பெனிதான் துணிந்து ஒத்துக்கொண்டது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைபடம் போட்டார். எஞ்சின் விலைக்குக் கிடைத்தது, கியர்பெட்டி கிடைத்தது. அந்த அளவுக்குச் சின்ன முன் ஹவுசிங் மட்டும் எங்கேயும் இல்லை. ஸ்பைசர் என்ற கம்பெனி, ஸ்டூடிபேக்கர் சாம்பியன் காரின் அச்சை எடுத்து மாற்றிச் செய்துகொடுத்தது. 1940 செப்டம்பர் 23 அன்று, கெடு முடிய அரைமணி நேரம் இருக்கையில், வண்டி ராணுவத்தின் ஹோலாபேர்ட் முகாமுக்குள் நுழைந்தது.

ஆக, உலகின் முதல் ஜீப்பின் முன் ஹவுசிங்கே ஒரு மாற்றுவேலைதான். கார் அச்சை வெட்டி ஒட்டிச் செய்தது. நம் பட்டறைக்காரர்கள் இதைக் கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். பான்டமுக்குத்தான் அதனால் பெரிய லாபம் இல்லை. ராணுவம் அதன் வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. 60 குதிரைச் சக்தி எஞ்சின் வைத்திருந்த வில்லிஸ் ஜெயித்தது. போர் முடிவதற்குள் அந்த இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து தள்ளின. அத்தனை ஹவுசிங்குக்கும் ஒரே வகை மூட்டு போதவில்லை. பெண்டிக்ஸ், ஜெப்பா, டிராக்டா, ஸ்பைசர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டார்கள்.

முன் ஹவுசிங் தனியாக வராது. கூடவே இன்னொன்று வரும். கியர்பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துவிடுகிற டிரான்ஸ்ஃபர் கேஸ். எல்லோரும் அதன் முதல் வேலையை மட்டும் பார்க்கிறார்கள். மலையில் சோறு போடுவது அதன் இரண்டாவது வேலை: லோ கியர். போருக்குப் பின் 1945இல் விவசாயிக்கென்று வில்லிஸ் விட்ட ஜீப்பின் கணக்கைப் பாருங்கள். முதல் கியர் 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46, ஹவுசிங் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும்போது வண்டி மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் போகும், மனுசன் நடக்கிற வேகம். கிளட்சை மிதிக்க வேண்டாம், ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். கல்லின்மேல் ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். ஜீப் மலை ஏறுகிறது என்று நாம் வாயைப் பிளந்து பார்த்ததில் பாதிப் பெருமை இந்த லோ கியருக்குச் சேரவேண்டியது. முன் ஹவுசிங் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டது.

இந்தியாவுக்கு ஜீப் வந்த கதையில் ஒரு களங்கமும் உண்டு. 1948இல் லண்டனில் நம் ஹை கமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் ராணுவத்துக்கு ஜீப் வாங்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே போய்விட்டது. வந்து இறங்கியது 155 ஜீப். சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் சர்ச்சை அதுதான். 1955இல் அரசு விவகாரத்தை மூடிவிட்டது.

அதே நேரத்தில் மும்பையில் வேறு ஒரு வழி திறந்துகொண்டிருந்தது. மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து 1945இல் தொடங்கிய இரும்பு வியாபாரக் கம்பெனி, பிரிவினைக்குப் பிறகு மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட்டார். போர்க்காலத்தில் அமெரிக்காவில் இருந்த கே. சி. மஹிந்திரா, வில்லிஸின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பின் பலனாக மஸகானில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி ஜீப் ஆக்கினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். நமக்குத் தெரிந்த, பானட் உயர்ந்த, போலீசும் பி.டி.ஓ.வும் ஏறி வந்த ஜீப், வில்லிஸ் 1953இல் விட்ட சிஜே 3பி. புது எஞ்சின் உயரமாக இருந்ததால் பானட்டைத் தூக்கினார்கள், அழகுக்காக அல்ல.

முன் ஹவுசிங்கின் உருண்டை அமெரிக்க ஜீப்பில் வலப்பக்கம் தள்ளி இருந்தது, அதாவது டிரைவருக்கு எதிர்ப்பக்கம். இந்தியாவில் ஸ்டியரிங் வலப்பக்கம் வந்தது; உருண்டை இடம் மாறவில்லை. நம் டிரைவர் அதன் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். சின்ன விஷயம்தான். வேனுக்கு ஹவுசிங் தேடுகிறவர் இதை மறந்தால் என்ன ஆகும் என்று பிறகு சொல்கிறேன்.

1952 அக்டோபர் 2இல் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் ஜீப் கிராமத்துக்குள் வந்தது. பெட்ரோல் எஞ்சின் போய், இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சின் வழி வந்த டீசலும், பிறகு பியூஜோ டீசலும் ஏறின. கமாண்டர், எம்எம் 540, மேஜர் என்று பெயர்கள் மாறின. மேலே எவ்வளவு மாறினாலும் அடியில் அதே தகப்பன் சாயல்தான்: இரண்டு பக்கமும் பட்டை, முன்னால் ஸ்பைசர் வழி வந்த ஹவுசிங்.

தாமிரபரணிப் படுகையில் அதற்கு உண்மையான வேலை இருந்தது மேற்கே. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்ட எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை எஸ்டேட்டுகள் வந்தன. வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டின் மழைக் கணக்கைப் பார்க்கிறவர்களுக்கு ஊத்தும் நாலுமுக்கும் நன்றாகத் தெரியும். பட்டியலில் அநேகமாக மேலே நிற்பவை இவைதான். மாஞ்சோலைப் பாதை இன்னும் மேலே போய் மேல் கோதையாறு அணைக்குச் சேர்கிறது. தண்ணீர் குமரி மாவட்டத்துக்கு இறங்கும். அணைக்கு வண்டியில் போகவேண்டுமானால் அம்பாசமுத்திரம் வழி. 2023 ஜூனில் தேனிப் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் யானையை லாரியில் ஏற்றி, மணிமுத்தாறு வழியாக இந்தப் பாதையில்தான் மேலே கொண்டுபோனார்கள்.

எஸ்டேட் ஜீப், மின்வாரிய ஜீப், வனத்துறை ஜீப் என்று முன் ஹவுசிங் வைத்த வண்டிகளுக்கு இங்கே பிழைப்பு இருந்தது. முண்டந்துறை 1962இல் சரணாலயம், களக்காடு 1976இல், இரண்டும் சேர்ந்து 1988இல் புலிகள் காப்பகம். தார் முடிகிற இடத்துக்கு அப்பால் ஓடை குறுக்கிடுகிற காட்டுத் தடங்களில் லோ கியர் இல்லாமல் போவது நடக்கிற காரியம் இல்லை. 2024 ஜூனில் தேயிலைத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வேலையை விட்டு இறங்கவேண்டி வந்தபிறகு அங்கே வண்டிகளுக்கும் வேலை குறைந்துவிட்டது. அது தனிக் கதை. இந்தக் கட்டுரையின் ஓரத்தில் வைத்துச் சொல்லக்கூடிய கதை அல்ல.

இப்போது வேனுக்கு வருவோம். எங்கள் பிள்ளைப் பிராயத்தில் வேன் என்றால் மெட்டடார். ஜெர்மன் ஹனோமாக் வழி வந்து பஜாஜ் டெம்போ செய்தது. அதில் முன்சக்கரம்தான் இழுக்கும் என்பது ஏறிப் போன பலருக்குத் தெரியாது. சமதரையில் சமர்த்து. பின்னால் ஆளும் மூட்டையும் நிறைந்து, ஈர மேட்டில் ஏறும்போது பாரமெல்லாம் பின்னுக்குச் சரியும். முன்சக்கரம் லேசாகி வெறுமே சுற்றும். அதற்கு அடுத்து வந்த டிராவலர், மெர்சிடிஸ் 1977இல் ஜெர்மனியில் விட்ட ஒரு வேனின் வழித்தோன்றல். இழுப்பது பின்சக்கரம். பாரம் பின்னால் இருப்பது ஏற்றத்தில் அதற்குச் சாதகம்.

அந்த மெர்சிடிஸ் வேனையே ஜெர்மனியில் இக்லாவுட் என்ற கம்பெனி நாலு சக்கர இழுவைக்கு மாற்றிக் கொடுத்தது. பிரான்சில் டாங்கெல் பியூஜோ கார்களை 1980இலிருந்து மாற்றியது. ஃபோக்ஸ்வாகன் தன் வேனுக்கு அந்த வேலையை ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து ஸ்டையர் கம்பெனியிடம் கொடுத்து 1985இல் சிங்க்ரோ என்று விற்றது. அமெரிக்காவில் மார்மன் ஹெரிங்டன் 1930களிலேயே ஃபோர்டு லாரிகளுக்கு முன் ஹவுசிங் பூட்டிக்கொண்டிருந்தது. ஆக வேனை மாற்றுவது நடக்காத காரியம் இல்லை. அவர்கள் அத்தனை பேரும் குறிப்பிட்ட ஒரு வண்டிக்கென்று ஹவுசிங், தண்டு, சட்டம் எல்லாம் அளந்து செய்து, அரசிடம் ஒப்புதல் வாங்கி விற்றார்கள். நம் ஊரில் அது நடக்கிற விதம் வேறு.

அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் தன் டிராவலருக்கு முன் ஹவுசிங் தேடி ஒரு பட்டறைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பட்டறை மூலையில் ஒரு ஜீப் ஹவுசிங் கிடந்தது. ராணுவ ஏலத்தில் போன வண்டியிலிருந்து கழற்றி, சென்னை புதுப்பேட்டை வழியாக வந்தது என்றார் மேஸ்திரி. பச்சைப் பெயின்ட் அங்கங்கே மிச்சம் இருந்தது. இரண்டு முனையிலும் மூட்டை மூடியிருக்கிற பெரிய இரும்பு உருண்டைகள். அதில் ஒன்றின் சீல் போய், கிரீஸ் வழிந்து, அதன்மேல் மண் படிந்து காய்ந்திருந்தது. பழைய ஜீப் ஹவுசிங்கில் இந்த சீல் ஒழுகாத ஒன்றை நான் பார்த்ததில்லை.

"போடலாம் அண்ணாச்சி. போட்டுட்டு எங்க ஓட்டப் போறிய?" என்றார் மேஸ்திரி.

"மாஞ்சோலைக்குத்தான்."

"தார் ரோட்டுலயா?"

அவர் பதில் சொல்லவில்லை. மேஸ்திரி மூடியைக் கழற்றி, கிரவுனில் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். 43. பினியனில் 8. நாற்பத்து மூன்றை எட்டால் வகுத்தால் 5.375; பழைய ஜீப்பின் 5.38 என்பது இதுதான். "ஒங்க வண்டி பின் ஹவுசிங்குல பல்லு வேற. ரெண்டும் சண்ட போடும்."

அந்தச் சண்டை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் விளக்கவேண்டும். ஜீப் வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் ஃபோர் வீல் போட்டால் முன்தண்டும் பின்தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். முன்னால் 8க்கு 43, பின்னால் 8க்கு 39 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீப் குடும்பத்திலேயே இரண்டும் உண்டு. பின்சக்கரம் 11 மீட்டர் ஓடும்போது முன்சக்கரம் 10 மீட்டர்தான் ஓடும். மிச்சம் 1 மீட்டரை டயர் தரையில் தேய்த்துத்தான் ஈடுகட்டவேண்டும். சேற்றில் வழுக்கும். தாரில் வழுக்காது, அப்போது கிராஸ் உடையும், இல்லை டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

பல் சரியாகப் பொருந்தினால்கூடத் தாரில் இந்தத் தொல்லை தீராது. கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரம் வெளிவட்டத்தில் போகும், பின்சக்கரம் உள்வட்டத்தில் போகும். முன்னதற்குத் தூரம் அதிகம். பூட்டிய தண்டுகள் அதற்கு விட்டுக்கொடுக்காது. ஸ்டியரிங் இழுக்கும், வண்டி முனகும். அதனால்தான் பழைய ஜீப் டிரைவர்கள் தார் வந்ததும் முன் இழுவையை எடுத்துவிடுவார்கள். மாஞ்சோலைப் பாதை வளைவுகள் நிறைந்த, குண்டும் குழியுமான தார். முன் ஹவுசிங்கைச் சும்மா சுமந்துகொண்டு ஏற வேண்டிய பாதை அது.

இன்னும் இருக்கிறது. ஜீப் ஹவுசிங்கின் உருண்டை வலப்பக்கம் என்று சொன்னேனே, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னே வரும் தண்டும் அதே பக்கம் இறங்கவேண்டும். வேனில் அந்தப் பக்கம் சைலன்சர் குழாயோ கிளட்ச் வேலையோ இருந்தால் எல்லாவற்றையும் நகர்த்தவேண்டும். வேனின் எஞ்சின் முன் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. உருண்டை வந்தால் பட்டை அமுங்கும்போது எஞ்சினின் எண்ணெய்ச் சட்டியில் போய் இடிக்கும். அதற்காக வண்டியைத் தூக்கவேண்டும். தூக்கினால் தண்டின் கோணம் கூடும், ஸ்டியரிங் கம்பிகளின் கோணம் கெடும், பிரேக் குழாய் எட்டாது. மேலே கேரியரில் சாமான் ஏற்றுகிற, ஏற்கெனவே உயரமான வேனை இன்னும் 4 அங்குலம் தூக்கி மலைச் சாலை வளைவில் ஓட்டுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மேஸ்திரி ஹவுசிங்கை விட்டுவிட்டு வேனுக்கு அடியில் குனிந்தார். பின்பட்டை நேர்க்கோடாகக் கிடந்தது. வளைவே இல்லை. இரண்டாவது பட்டையின் முனை தேய்ந்து, மேல் பட்டையில் பள்ளம் விழுந்திருந்தது. சென்டர் போல்ட்டைச் சுற்றித் துருப்பொடி. "இந்தப் பட்டைய வச்சுக்கிட்டு ஃபோர் வீல் போட்டா, நாலு வீலும் சேந்து இடிக்கும்" என்றார்.

இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மண்பாதையில் வண்டி சிக்குவது அநேக நேரம் இழுவை போதாமல் அல்ல. ஒரு சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடுவதால். இரண்டு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துத் தருகிற டிஃபரன்ஷியலின் குணம் அப்படி. லேசாக இருக்கிற சக்கரத்துக்கு ஓட்டத்தைக் கொடுத்துவிட்டு, தரையில் ஊன்றி நிற்கிற சக்கரத்தைச் சும்மா விட்டுவிடும். பட்டை நன்றாக வளைந்து கொடுத்தால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பட்டை விறைத்தால் சக்கரம் காற்றில் சுற்றும். நாலு சக்கரத்துக்கும் இழுவை இருந்து, குறுக்கே இரண்டு சக்கரம் காற்றில் இருந்தால் வண்டி நகராது.

ஆனால் நம் ஊரில் வண்டி தாழ்ந்துவிட்டது என்றால் உடனே செய்வது இன்னொரு பட்டை சொருகுவது, அல்லது கனமான பட்டை மாற்றுவது. கணக்கு என்னவென்றால், ஒரே கனமுள்ள ஏழு பட்டையோடு எட்டாவது ஒன்று சேர்த்தால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடும். அதே 7 மி.மீ. கனப் பட்டைகளை 8 மி.மீ. ஆக்கினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று கேட்டவர்களின் வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து களக்காடு வரை போய்ப் பாருங்கள். தாழ்ந்த பட்டைக்கு வேண்டியது விறைப்பு அல்ல, இழந்த வளைவு. உயரத்துக்கும் விறைப்புக்கும் நேரடி உறவு இல்லை என்பதை வண்டிக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் மேஸ்திரிகளுக்குப் பாதி ஆயுசு போய்விடுகிறது.

பட்டையைச் சூடு பண்ணிச் சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றித் தருவதும் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும். சிவக்கக் காய்ச்சின எஃகை எண்ணெயில் குளிர வைத்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் அது பட்டை. வெறுமே அடித்து ஆறவிட்டால் சில மாதத்தில் மறுபடி நேராகிவிடும். அச்சுக்கு அடியில் இருக்கிற பட்டையை அச்சுக்கு மேலே மாற்றிப் பூட்டி வண்டியைத் தூக்குகிற வழி ஜீப்காரர்களிடம் பிரபலம். உயரம் தாராளமாகக் கிடைக்கும். பிரேக் பிடிக்கும்போதும் லோ கியரில் இழுக்கும்போதும் அச்சு தன்னையே முறுக்கிக்கொள்ளும். பட்டை எஸ் போல நெளியும். ஆள் ஏற்றுகிற வேனுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். காயில் ஸ்பிரிங் சொகுசுதான். அதற்கு அச்சை இடத்தில் பிடித்துவைக்கத் தனித் தண்டுகள் வேண்டும். பட்டையோ பாரத்தைத் தாங்குகிறது, அச்சையும் அதுவே பிடித்துக்கொள்கிறது. ஒரு சாமானில் இரண்டு வேலை முடிவதால்தான் 1804இல் ஒபடையா எலியட் குதிரை வண்டிக்குக் காப்புரிமை வாங்கிய வில்பட்டைக் குடும்பம் இன்னும் லாரிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது.

கழற்றிப் போட்ட பழைய பட்டை எங்கே போகும் என்று கேட்டால், கொல்லன் உலைக்கு. வாழைத்தாரும் பனையோலையும் வெட்டுகிற அரிவாளுக்கு லாரிப் பட்டைதான் வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் கேட்டு வாங்குவார்கள். வளையும், உடையாது, கூர் நிற்கும். வண்டிக்கு உழைத்து ஓய்ந்த எஃகுக்கு அதற்குப் பிறகும் நெடுங்காலம் வேலை இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் பட்டறையில் யாரும் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் ஆகிவிடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. அபராதம் கட்டிவிடலாம். பயணிகளோடு விபத்து நடந்து, இன்சூரன்ஸ்காரர் அடியில் குனிந்து ராணுவப் பச்சை ஹவுசிங்கைப் பார்த்தால் என்ன சொல்வார் என்பதுதான் கேள்வி. தேய்ந்த பட்டைக்குப் பதில் கம்பெனி அளவிலேயே புதுப் பட்டை போடுவதற்கு யாரிடமும் கையேந்த வேண்டாம்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஆசை கூடியிருப்பதைக் கவனித்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. அன்றைக்கு ஃபோர் வீல் இருந்திருந்தால் என்று ஆரம்பிக்கிறார்கள். தண்ணீரில் வண்டி நிற்பதற்குக் காரணம் காற்றிழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் ஏறுவது. முன் ஹவுசிங்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் எல்லை.

காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கும் காட்டுத் தடங்களுக்கும் தினசரி போகவேண்டியவர்களுக்கு முன் ஹவுசிங் தேவைதான். அவர்கள் தொழிற்சாலையிலேயே அதோடு பிறந்த வண்டியை வாங்குவதுதான் முறை. டிராவலர் செய்கிற அதே ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்காவில் நாலு சக்கர இழுவையும், முன்னும் பின்னும் டிஃபரன்ஷியலைப் பூட்டுகிற வசதியும் உண்டு. மஹிந்திராவே 2021இல் பொலேரோ நியோவில் ஒரு வகையைப் பின்சக்கர இழுவையோடு மட்டும் விட்டு, பின் டிஃபரன்ஷியல் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்தது. ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது இழுக்கும். முன் ஹவுசிங் இல்லாமலே சேற்றுக்குப் பாதி மருந்து. என்னைக் கேட்டால் வேன்காரர்கள் பின்னால் அலையவேண்டியது இந்தப் பூட்டுக்காகத்தான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு உண்மை யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஊத்து, குதிரைவெட்டி என்று பலகை மாட்டி அரசு பஸ் இந்த மலையில் வருடக்கணக்காக ஏறி இறங்கியிருக்கிறது. ஆளும் மூட்டையும் கோழிக்கூடையும் அதில்தான் போயின. அதற்கு முன் ஹவுசிங் கிடையாது. முதல் கியர், பதமான பட்டை, வளைவில் எங்கே நிறுத்தி எங்கே ஒடிப்பது என்று தெரிந்த டிரைவர், இவ்வளவுதான்.

அம்பாசமுத்திரத்துக்காரர் கடைசியில் பின்னால் கம்பெனி அளவில் புதுப் பட்டை, புஷ், ஷாக்கிள், புது ஷாக் அப்சார்பர், மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான நல்ல டயர் இவற்றோடு கிளம்பினார். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. ஹவுசிங்கை எம்எம் 540 ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்த வேறொருவர் வாங்கிப் போனார், அவர் ஆர்.சி.யில் நாலு சக்கர இழுவை என்றே இருந்தது. வேன்காரருக்கு மேஸ்திரி ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னார்: புதுப் பட்டை ஓட ஓட உட்காரும், 500 கிலோமீட்டர் ஓடினதும் வண்டியைக் கொண்டுவந்து யூ போல்ட்டை மறுபடி இறுக்கிக்கொள்ளவேண்டும், மறந்துவிடக் கூடாது.